நெல்லிக்காய் அளவு புளி

அய்யோ சார், சுரண்டாதிய, சுரண்டாதிய. அது அழுக்கு இல்ல. துருவும் இல்ல. புளி. ஆமா சார், ரசத்துக்குக் கரைக்கோம்லா, அதே புளிதான். நெல்லிக்காய் அளவு. நான்தான் தராசுக் கம்பி நுனியில தொங்குத அந்தக் கல்லுத் தட்டுக்கு அடியில அப்பி வச்சேன்.

என்ன சார் அப்படிப் பாக்கிய? உக்காருங்க மொதல்ல. அந்த உளுந்து மூட்டை மேலேயே உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. ஏளா பேச்சி, சாருக்கு ஒரு டீ கொண்டா, சீனி தூக்கலா. வேண்டாம்னு மட்டும் சொல்லாதிய சார். இந்த ஹாஸ்டல்ல வேண்டாம் வேண்டாம்னு கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

நீங்க எதுக்கு வந்திருக்கியன்னு தெரியும். தராசுக்கு முத்திரை குத்துத ஆபீஸு. அரிசி மண்டிக்காரரு மனுப் போட்டிருக்காரு, இந்த லேடீஸ் ஹாஸ்டல் தராசுல மூட்டைக்கு ரெண்டு கிலோ குறையுதுன்னு. சரிதான். அவரு சொன்னதுல பொய்யில்ல. ஆனா அரிசிக்காக வச்ச புளி இல்ல சார் இது. மூட்டை வரும்போது எடுத்துருவேன். ஒரு தடவ மறந்துட்டேன். சரி, மூணு தடவ. அந்த அரிசி என் வீட்டுக்கா போச்சு? பிள்ளைங்க வயித்துக்குத்தான போச்சு. அதுவும் எவளாவது தின்னாத்தான். அந்தக் கதையத்தான் சொல்ல வாரேன், பேனாவ மூடி வையுங்க.

என் பேரு செல்லக்கனி. பிள்ளைங்க கனியக்காம்பாளுவ. இந்த மெஸ்ல பத்தொம்பது வருஷமா தலைமைச் சமையல். இருநூத்தி நாப்பது பிள்ளைங்க சார், எல்லாம் டிகிரி படிக்கது, அதுக்கு மேல படிக்கது. பெருமைக்குச் சொல்லல, வெள்ளிக்கிழமை நான் வைக்க தேங்காப்பால் சொதிக்குப் பக்கத்துக் காலேஜ் வாத்தியாரம்மாவெல்லாம் தூக்குச்சட்டி கொடுத்து விடுவாக. எனக்கென்ன பேரா வேணும்? பிள்ளைங்க வயிறு நெறஞ்சா போதும்.

ஆனா இந்தக் காலத்துப் பிள்ளைங்க வயிறு நெறையக் கூடாதுன்னுல்லா படிக்குதுவ. நோயாளி அறையில ஒரு சின்ன எடை மிஷின் இருந்துச்சு சார். ஏறி ஏறியே உடைச்சுட்டாளுவ. அன்னையிலருந்து மூட்டை நிறுக்குத இந்தத் தராசுதான் அவளுவளுக்குக் கதி. காலையில ஆறரைக்கு இந்த ஸ்டோர் ரூம் வாசல்ல வரிசை நிக்கும், டிபனுக்கு இல்ல, தராசுக்கு. ஏறதுக்கு முன்னால செருப்பக் கழத்துவா, துப்பட்டாவக் கழத்துவா, வளையல், கம்மல், தலையில இருக்க கிளிப்பு. ஒருத்தி மூக்குத்தியத் திருகிக்கிட்டு நிக்கா. மூக்குத்தி என்னட்டி கனம்னு கேட்டா, "இருக்கட்டும்க்கா, ஒரு மனத்திருப்திதான்"ங்கா.

கம்பி நேரா நின்னு எடை கூடியிருந்துச்சுன்னு வையுங்க, அன்னைக்கு இட்லி கிடையாது. குறைஞ்சிருந்தா அர இட்லி. தராசு சொல்லுததத்தான் திம்பாளுவ, அடுப்பு சொல்லுதது ஒருத்திக்கும் கேக்காது. ஒருத்தி காலையில வெந்நீர்ல எலுமிச்சம்பழம், மத்தியானம் வெள்ளரிக்கா, ராத்திரி காத்து. இன்னொருத்திக்குக் கீட்டோவாம். சோறு ஆகாதாம், நெய்யும் வெண்ணெயும் எவ்வளவுன்னாலும் ஆகுமாம். நெய்ய உங்கப்பனா அனுப்புதான்னு கேட்டேன். அடுத்தவ பதினாறு மணி நேரம் பச்சத்தண்ணி மட்டும். எங்க திருச்செந்தூர்ல சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தா முருகனாவது வருவான், இவளுவளுக்கு மயக்கந்தான் வருது.

அப்புறம் இந்த வாட்ச்சு. நடக்க நடக்க எத்தன எட்டுன்னு எண்ணுமாம்லா. ரூமுக்கு ரூம் போட்டி வச்சிருந்தாளுவ, யாரு அதிகம் நடக்காளுவன்னு. மூணாம் மாடி வினோதினி என் கையில கொண்டாந்து கட்டி விட்டா. "கனியக்கா, நீங்க பந்தி பரிமாறும்போது போட்டுக்கிடுங்க"ன்னு. சாயங்காலம் பாத்தா இருபத்தி மூவாயிரம்! அவ ரூமுக்குத்தான் முதல் பரிசு. பரிசு என்ன தெரியுமா, ஒரு பாக்கெட் ஓட்ஸ். நான் நடந்து, அவ ஜெயிச்சு, அதையும் அவ திங்கல, என்கிட்டயே கொடுத்துட்டா. அத நான் பேச்சி வீட்டுக் கோழிக்குக் கொடுத்து விட்டேன்.

சிரிக்கிய. சிரிங்க. நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், ஆடி மாசம் வரைக்கும்.

பெனிட்டான்னு ஒரு பிள்ளை, முதல் வருஷம், உவரிப் பக்கம். வந்து ஒரு மாசம் கூட ஆகல. மத்தியானச் சாப்பாட்டு வரிசையில தட்டோட நின்னவ அப்படியே சரிஞ்சுட்டா. தட்டுல பாத்தா ரெண்டு துண்டு வெள்ளரிக்கா. ஒம்பது நாளா அதுதானாம். ரசச் சட்டிக்கும் அவ தலைக்கும் ஒரு சாண்தான் சார் இடைவெளி, இல்லன்னா வெந்துருப்பா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி குளுக்கோஸ் ஏத்துனாக. மறுநாள் அவ அப்பா வந்தாரு. கடல்ல போறவரு, நல்ல ஆகிருதியான ஆளு. நேரா சமையக்கட்டுக்கு வந்து என்னையப் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "ஏம்மா, என் மவளுக்கு நீங்க இங்க சோறு போடலியா?"

பத்தொம்பது வருஷத்துல என்னைய ஒருத்தர் அப்படிக் கேட்டது இல்ல சார். செருப்பால அடிச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். மிச்சம் போடுத வாளிய எடுத்து அவருகிட்ட காட்டணும் போல இருந்துச்சு, இன்னா பாருங்கய்யா, நான் ஆக்குனது எங்க போகுதுன்னு. காட்டல. அன்னைக்கு எனக்கே சோறு இறங்கல.

அதுக்கு மறுநாள் காலையிலதான் இது நடந்துச்சு. நான் இங்கன நின்னு புளி பிச்சுக்கிட்டு இருக்கேன். வினோதினி வந்து ஏறுதா. கம்பி ஆடிக்கிட்டே நிக்கு. "கனியக்கா, இந்தத் தொங்குத தட்டக் கொஞ்சம் பிடிங்களேன்"னா. கையில இருந்த புளியோட பிடிச்சேன். விட்டேன். புளி கொஞ்சம் தட்டுக்கு அடியில ஒட்டிக்கிட்டு, நான் பாக்கல. "யக்கா! ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு!"ன்னு ஒரு கத்து. இறங்கி என்னையக் கட்டிப் பிடிச்சா, நேரா போயி உக்காந்து நாலு தோசை தின்னா சார். நாலு! சட்னிக்கு மறுபடியும் கை நீட்டுனா. அவளுக்குப் பின்னால ஏறுனவளுக்கும் ரெண்டு கிலோ குறைவு, அவளுக்குப் பின்னால ஏறுனவளுக்கும் ரெண்டு. அன்னைக்குத் தோசை மாவு பத்தல. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. எல்லாரும் போனப்புறம் தட்ட நிமித்திப் பாத்தேன். புளி.

நீங்க இப்பச் சொன்னியளே, தட்டுல இருபது கிராம் ஏறுனா மேடையில ரெண்டு கிலோ முழுங்கிரும்னு, அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது, நெல்லிக்காய் அளவுக்கு ரெண்டு கிலோ. எலுமிச்சம்பழ அளவு வச்சா நாலு, அது அதிகம், அவளுவளுக்குச் சந்தேகம் வந்துரும். சாம்பார்னாலும் சரி, தராசுன்னாலும் சரி, புளி அளவா இருக்கணும். வாரத்துக்கு ஒருக்க மாத்துவேன், காஞ்சா கனம் குறையும்லா.

முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சாத்தான சார் தப்பு? நான் நெல்லிக்காய் அளவுதான மறைச்சேன்.

அந்த ரெண்டு மாசம் இந்த மெஸ் எப்படி இருந்துச்சு தெரியுமா? கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. கூட்டாஞ்சோறு வச்சா சட்டி காலி. சொதி வச்சா வழிச்சு நக்குதாளுவ. பெனிட்டா வந்து, "அக்கா, இன்னும் ஒரு அப்பளம்"னு நின்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. மிச்ச வாளி அடி தெரிஞ்சுச்சு சார். வார்டன் அம்மாவே கூப்பிட்டுக் கேட்டாக, கனி, சமையல்ல என்ன மாத்துனன்னு. கைப்பக்குவம்மான்னு சொன்னேன். என்ன, வேற என்ன சொல்லச் சொல்லுதிய?

டீ ஆறுது, குடிங்க.

இசக்கியப் பத்திச் சொல்லணும். சொல்லாமப் போயிரலாம்னுதான் பாத்தேன். ஆனா நீங்க அந்த ஃபாரத்துல ‘காரணம்’னு ஒரு கட்டம் வச்சிருக்கிய, அது என் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு.

இசக்கியம்மாள். ரெண்டாம் வருஷம், கணக்குப் பாடம். சங்கரன்கோவில் பக்கம். அவ அப்பா குடோன்ல மூட்டை தூக்குத ஆளு. அப்பன் கை அப்படியே மகளுக்கு. நம்ம லாரி வந்துச்சுன்னா ஓடியாந்துருவா. அம்பது கிலோ மூட்டையத் தூக்கி உள்ள வச்சுட்டு, "வேற இருக்காக்கா?"ம்பா. பி.டி. மிஸ் ஒரு நாள் இதப் பாத்துட்டாக. ஹெப்சிபா மிஸ். பாத்தவுக அவளக் கொண்டு போயி பளுதூக்கப் பழக்குனாக. அதுல எடைக்கு எடை பிரிவு உண்டாம். இவளுக்கு அம்பத்தஞ்சு கிலோப் பிரிவு. இவ எடை அம்பத்தஞ்சுக்கு மேல ஒரு பொட்டு கூடக் கூடாது. தினம் காலையில எடை பாத்து நாப்பது பக்க நோட்டுல எழுதணும், சனிக்கிழமை மிஸ்கிட்ட காட்டணும். அதுதான் கட்டளை.

மத்தவளுவ எல்லாம் அழகுக்குப் பட்டினி கிடந்தாளுவ. இவ ஒருத்திதான் சார் பசியோட பட்டினி கிடந்தா. பரிமாறும்போது வாய் போதும்னு சொல்லும், கண்ணு கரண்டியவே பாக்கும். பாறாங்கல்லத் தூக்குத மாதிரி கஷ்டப்பட்டுத் தட்டத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போவா.

புளி வந்தப்புறம் அவளுக்கும் ரெண்டு கிலோ குறைஞ்சுச்சு. அம்பத்தி நாலரை இருந்தவ அம்பத்தி ரெண்டரை. நோட்டப் பாத்துட்டு ஹெப்சிபா மிஸ்ஸே சொல்லிட்டாக, "நல்லா சாப்பிடு, பலம் ஏறட்டும்"னு. சாப்பிட்டா சார். அவ சாப்பிடுத அழகு இருக்கே! சோத்தப் பிசைஞ்சு உருட்டி ஒரு கவளம் போட்டான்னா பாக்க நமக்குப் பசிக்கும். ஒரு பருக்க மிச்சம் வைக்க மாட்டா. தூக்குத எடையும் ஏறுச்சு. அவளோட பயிற்சி எடுக்க பிள்ளைங்க எல்லாம், "இசக்கிதான் முதல்"னு இப்பவே பேச ஆரம்பிச்சுட்டாளுவ. அந்த நோட்டுல அம்பத்தி நாலு, அம்பத்தி நாலரைன்னு மெதுவா ஏறி, போட்டி அன்னைக்குக் காலையில அம்பத்தி நாலு எண்ணூறு.

அவளுக்கு மட்டும் புளிய எடுத்துருக்கணும்னு எனக்குத் தோணல சார். இருநூத்தி நாப்பது பேரு, நான் ஒருத்தி. மறந்துட்டேன்.

போட்டி நாகர்கோவில்ல ஒரு காலேஜ்ல. எடை பாத்து முடிஞ்சதும் பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கணும், கூட வாங்க கனின்னு மிஸ் என்னையும் கூப்பிட்டாக. நான் உளுந்தம்பருப்புச் சோறு பொங்கி, எள்ளுத் துவையல் அரைச்சு, ஆறு அவிச்ச முட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். இடுப்புக்குப் பலம்லா. அங்க எடை மிஷின்ல சிவப்பு எழுத்துல நம்பர் ஓடுது. இசக்கி ஏறுனா. அம்பத்தாறு எண்ணூறு.

இறங்கி மறுபடி ஏறச் சொன்னாக. அதே அம்பத்தாறு எண்ணூறு.

ஒரு மணி நேரம் அவகாசம் உண்டாம். அதுக்குள்ள ரெண்டு கிலோ இறக்கணும். ரெண்டு ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு அந்த வெயில்ல மைதானத்தச் சுத்தி ஓடுதா. ஒரு டம்ளர வச்சுக்கிட்டுத் துப்பிக்கிட்டே ஓடுதா. மிஸ்ஸும் பின்னால ஓடுதாக, அவுகளுக்கு அம்பது வயசு. நான் சட்டிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மறுபடி ஏறுனா, அம்பத்தாறு நூறு. இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு. பாத்ரூமுக்குள்ள என்னைய இழுத்துக்கிட்டுப் போனா. "அக்கா, வெட்டுங்க"ன்னு கத்திரிக்கோலக் கையில கொடுத்தா. இடுப்புக்குக் கீழ தொங்குத சடை சார். குழந்தையிலருந்து வெட்டாத முடி. நான் மாட்டேன்னேன். "அக்கா, உங்க கால்ல விழுதேன், நேரம் போகுது"ன்னா. வெட்டினேன். இந்தக் கையாலதான் வெட்டினேன்.

முடி எத்தன கிராம் சார் இருக்கும்? நீங்க எடைக்காரர்லா, சொல்லுங்க. நூத்தம்பதுதான். அம்பத்தஞ்சு தொள்ளாயிரத்தி அம்பதுன்னு மிஷின் காட்டுச்சு. மேசையில இருந்தவரு பேர அடிச்சுட்டாரு.

அந்தப் பிரிவுல ஜெயிச்ச பிள்ளை தூக்கினது, இசக்கி தினமும் தூக்குததவிட அஞ்சு கிலோ கம்மி. இசக்கி சுவத்துல சாஞ்சு உக்காந்து அதையும் பாத்தா. சோறு எடுத்து வச்சேன். அவ தொடல. "நீங்க சாப்பிடுங்கக்கா, காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலியே"ன்னு என்கிட்ட சொல்லுதா சார்.

பஸ்ல வரும்போது ஹெப்சிபா மிஸ் சொன்னாக, இறங்குனதும் நேரா ஸ்டோருக்குப் போவோம், அந்தத் தராசச் சோதிக்கணும்னு. நான் என்ன செஞ்சேன்? உலை வைக்க நேரமாச்சு மிஸ்ஸுன்னு சொல்லிட்டு முன்னால ஓடினேன். வந்து புளியச் சுரண்டி எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். அவுக வந்தாக. அஞ்சு கிலோப் படிக்கல்ல வச்சாக. அஞ்சு காட்டுச்சு. இசக்கி ஏறுனா. நாகர்கோவில் மிஷின் சொன்ன அதே அம்பத்தாறத்தான் இதுவும் சொல்லுச்சு. தராசு சரி.

அப்ப தப்பு யாரு? நோட்ட விரிச்சாக மிஸ். "இன்னைக்குக் காலையில அம்பத்தி நாலு எண்ணூறுன்னு எழுதியிருக்க. ரெண்டு மாசமா பொய்யா எழுதியிருக்க, அப்படித்தான?" இசக்கி சத்தம் போடல. "நான் பாத்ததத்தான் எழுதினேன் மிஸ். தினமும் கனியக்கா பக்கத்துலதான் நின்னாங்க. கேளுங்க"ன்னா.

மிஸ் என்னையத் திரும்பிப் பாத்தாக. இசக்கியும் பாத்தா. ஒட்டக் கத்தரிச்ச முடியோட, ஒரு ஆம்பளப் பிள்ளை மாதிரி நின்னா.

"நான் வேலையா இருந்தேன் மிஸ், கவனிக்கல"ன்னுட்டேன்.

மிஸ் நோட்டத் தூக்கி அரிசி மூட்டை மேல எறிஞ்சாக. எடை கூடுனதக்கூட மன்னிப்பேன், பொய்ய மன்னிக்க மாட்டேன், நாளையிலருந்து பயிற்சிக்கு வராதன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. அவுகளக் குத்தம் சொல்ல முடியாது. அவுகளும் அன்னைக்கு ஓடுனவுகதான.

மறுநாள் காலையில இன்னொரு கூத்து. புளி இல்லலா. ஹாஸ்டல் முழுக்க ஒரே நாள்ல ஆளுக்கு ரெண்டு கிலோ ஏறிட்டு! ஒரே ஓலம். இழவு வீடு தோத்துச்சு. வினோதினி தராசு மேலேயே உக்காந்து அழுதா. டிபனுக்கு ஒரு குருவி வரல. அறுநூறு இட்லி, சார், வாளிக்கும் மாட்டுக்கும் போச்சு. நான் என்ன செய்வேன்? மத்தியானமே புளிய மறுபடி வச்சுட்டேன். ராத்திரிச் சப்பாத்திக்கு எல்லாரும் வந்துட்டாளுவ. சிரிப்பும் கும்மாளமுமா இருந்துச்சு. இசக்கி மட்டும் தராசுப் பக்கமே அதுக்கப்புறம் வரல.

இது நடந்து இன்னையோட இருபத்தி ரெண்டு நாளு. கடைசி ஆளா வந்து நிப்பா. அர கரண்டி விழுந்ததும் போதும்க்காம்பா. இப்ப கண்ணும் கரண்டியப் பாக்கது இல்ல. அந்தப் பிள்ளைக்கு என்ன எடைக் கணக்கு இனிமே? ஒண்ணும் கிடையாது. ஆனாலும் திங்க மாட்டேங்கா. கூடப் படிக்கவளுவ ‘அம்பத்தி நாலு எண்ணூறு’ன்னு பட்டப்பேரு வச்சுக் கூப்பிடுதாளுவளாம், பேச்சி சொன்னா. ஊர் வாய மூட உலைமூடி உண்டுமா? முந்தாநாள் லாரி வந்துச்சு. அப்பவும் அவதான் வந்து மூட்டையத் தூக்கி வச்சா. வேற இருக்காக்கான்னு மட்டும் கேக்கல.

அடுத்த மாசம் பெரிய போட்டி இருக்கு. நாளைக்கு ஹெப்சிபா மிஸ் பேரு அனுப்பணும். பட்டியல் ஆபீஸ்ல ஒட்டியிருக்கு, நாலு பேரு. இசக்கி பேரு இல்ல.

அதனால நான் என்ன சொல்லுதேன்னா, நீங்க அந்தக் கட்டத்துல ‘அழுக்கு’ன்னு எழுதிருங்க. தராசு தப்பு, அழுக்கு சேந்து எடை குறைச்சுக் காட்டுச்சு. மிஸ்கிட்ட அதக் கொண்டு காட்டுதேன். பிள்ளை பேரு தெளிஞ்சிரும். மண்டிக்காரருக்கும் பதில் ஆச்சு. எனக்கும் இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு.

என்ன? எப்பலருந்துன்னு தேதி போடணுமா?

ஆமாலா. நான் அத யோசிக்கல. அழுக்குன்னா அன்னைக்குச் சாயங்காலம் மிஸ் படிக்கல்லு வச்சுப் பாத்தப்ப அது எங்க போச்சு? அன்னைக்குத் தராசு சரியா இருந்துச்சே. அழுக்கு தானா போயிட்டுத் தானா வருமா? மிஸ் கேப்பாக. அவுக சும்மா விடுத ஆளு இல்ல. அப்ப ‘அழுக்கு’ பத்தாது. வச்சவ யாரு, எடுத்தவ யாரு, மறுபடி வச்சவ யாருன்னு எழுதுனாத்தான் அந்தப் பிள்ளை பொய் சொல்லலன்னு ஆகும்.

டீயக் குடிச்சு முடிங்க சார். எனக்கு ஒரு நிமிஷம் கொடுங்க.

உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்லா, அவளுக்கு மட்டும் எடுக்கணும்னு தோணலன்னு. மறந்துட்டேன்னு. மறக்கல சார். தினமும் தோணுச்சு. அவ ஏறும்போதெல்லாம் கை தட்டுக்குப் போகும். எடுத்துட்டா ரெண்டு கிலோ கூடக் காட்டும், மறுநாள்லருந்து அர கரண்டிக்குப் போயிருவா. அவ சாப்பிடுதது பாக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு. அவ பசியத்தான் பாத்தேனா, இல்ல என் சமையல ஒருத்தி அப்படி ருசிச்சுத் திங்காளேன்னு அதப் பாத்தேனா, எனக்கே தெரியல. அந்த உவரிக்காரர் கேட்டாருல்லா, சோறு போடலியான்னு. போட்டேன் சார். அளவு தெரியாமப் போட்டுட்டேன்.

எழுதுங்க. காரணம், புளி. நெல்லிக்காய் அளவு. வச்சது செல்லக்கனி, தலைமைச் சமையல். ஆடி பதினெட்டுக்கு மறுநாள்லருந்து. நடுவுல ஒரு சாயங்காலம் மட்டும் புளி இல்ல, அத எடுத்ததும் செல்லக்கனி. மறுநாள் மத்தியானம் திரும்ப வச்சதும் செல்லக்கனி. எங்க கையெழுத்துப் போடணும்? இங்கனயா? புளிக் கை, கொஞ்சம் ஒட்டும்.

இன்னும் ஒண்ணு சார். இன்னா, இந்த உப்பு ஜாடிக்குப் பின்னால இருக்கு. அவ நோட்டு. மிஸ் எறிஞ்சுட்டுப் போனாகல்லா, நான்தான் எடுத்து வச்சிருந்தேன். பாருங்க, ஒரு நாள் விடாம எழுதியிருக்கா. கையெழுத்து எப்படி இருக்கு, அச்சடிச்ச மாதிரி. உங்க பையில முத்திரை இருக்குல்லா? என் தராசுக்குப் போடாட்டிப் போகுது, நீங்க அத ஒடைச்சுக் காயலான் கடைக்குக்கூட அனுப்புங்க. இந்த நோட்டுல ஒண்ணு போடுங்க. ‘பாத்ததத்தான் எழுதியிருக்கா’ன்னு ஒரு வரி எழுதி அதுக்குக் கீழ போடுங்க. அப்படிப் போட உங்க சட்டத்துல இடம் இல்லியா? இரும்புக் குண்டுக்கு இருக்கு, பிள்ளைக்கு இல்லியா? சரி, முத்திரை வேண்டாம். உங்க பேரு எழுதிக் கையெழுத்தாவது போடுங்க. பச்ச மையில.

மணி நாலடிச்சுட்டு. டீக்கு வந்துருவாளுவ. வினோதினி வருவா, பெனிட்டா வருவா, இருநூத்தி நாப்பது பேருக்கும் இன்னைக்கு ரெண்டு கிலோ ஏறப் போகுது. நாளைக்கு எத்தன இட்லி மிஞ்சுமோ தெரியாது. அவளுவளுக்கு நான் அப்புறம் வேற ஏதாவது வழி யோசிச்சுக்கிடுதேன். இல்ல இல்ல, புளி இல்ல சார், பயப்படாதிய.

அன்னா வாரா. கடைசி ஆளு இன்னைக்கு முதல்ல வாரா, பாருங்க. வாசல்ல உங்க ஜீப்பு நிக்கதப் பாத்துட்டு மூட்டை வந்திருக்குன்னு நெனைச்சு வந்திருப்பா.

ஏட்டி இசக்கி. மூட்டை ஒண்ணும் வரலட்டி. உள்ள வா. இந்த சார் எடை ஆபீஸ்லருந்து வந்திருக்காக. அட, செருப்பக் கழத்த வேண்டாம், ஒண்ணும் கழத்த வேண்டாம். அப்படியே ஏறு தராசுல. ஏறுட்டி, அக்கா சொல்லுதேன்லா. இப்ப அந்தக் கம்பி எங்க நிக்கு, பாத்துக்கிட்டியா? இப்ப நான் தட்டுக்கு அடியிலருந்து ஒண்ண எடுக்கப் போறேன். நீ என் மூஞ்சியப் பாக்காத. கம்பியவே பாரு.